நாற்பதாவது நாற்காலி

பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. இப்போது மணி பத்தேகால். கல்லூரி நூலகத்தில் நாற்பது நாற்காலி. உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒருத்தி போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் மழைக்கு ஒதுங்கிய தபால்காரர்.

நூலகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன தடவை வந்த குழு, ‘நாற்காலிகள் காலி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவையும் அதே கதை என்றால் நூலகத்துக்குப் பூட்டு. அவரை விடுதி வாசலில் உட்காரவைத்து, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதச் சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் புத்தகங்களோடு குடும்பம் நடத்தியவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"வேதியியல் மேடத்தைக் கேளுங்க சார்," என்றார் அட்டெண்டர் அம்மா. "அவங்களுக்கு இன்னிக்கு தொண்டை கட்டியிருக்கு. கிளாஸை அப்படியே அனுப்பிடுவாங்க."

அனுப்பினார். அறுபது பேர். நூலகம் சந்தைக்கடை ஆனது. ஜன்னல் விளிம்பில் நாலு பேர், மேஜைமேல் ரெண்டு பேர். தபால்காரரின் மடியில் யாரோ பையை வைத்துவிட்டார்கள்.

"பேசுறவங்க வெளிய போகலாம்," என்று நூலகர் அதட்டினார்.

அவ்வளவுதான். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளைகள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டே வரிசையாக வெளியேறினார்கள். தபால்காரரும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார்.

நூலகர் ஓடிப்போய்க் கதவை மறித்தார். "போதும், போதும். இனிமே யாராவது பேசினா சாயங்காலம் வரைக்கும் உள்ளயே உக்கார வேண்டியதுதான்."

மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு எண்ணினார். நாற்பது. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பது. சார்ஜ் ஏறி முடிந்ததென்று அந்தப் பெண் நழுவியிருந்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க சார். நீங்களே உக்காந்துடுங்க," என்றார் அட்டெண்டர் அம்மா.

"நான் எப்படிம்மா?"

"அவங்களுக்கு வேண்டியது தலைக் கணக்குதானே சார்."

"லைப்ரேரியன் எங்கேன்னு கேட்டா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தார். கைக்குக் கிடைத்த பெரிய அகராதியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

குழுவில் மூன்று பேர். மூவருமே புதியவர்கள், அவரை முன்பின் பார்த்ததில்லை. ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு ஆமாம்சாமி, ஃபைலும் கையுமாக ஒரு பெண்மணி. தலைவர் ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினார்.

"ஒண்ணுகூட காலி இல்லையே," என்றார்.

முன்வரிசைப் பையன் பதறிப்போய், உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றான். சாயங்காலம் வரை உட்கார அவன் தயாரில்லை. தலைவர் அசந்துபோனார். அகராதிக்குப் பின்னால் நூலகருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நூலகம் பிழைத்துவிட்டது.

"லைப்ரேரியன் எங்கம்மா?" பெண்மணி தணிந்த குரலில் கேட்டார்.

"வெளிய போயிருக்காருங்க."

"எப்ப போனாரு?"

அட்டெண்டர் அம்மாவுக்குப் பொய் அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிட்டார். "போன வாரமுங்க."

பெண்மணி ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டே தலைவரிடம் கிசுகிசுத்தார்:

"லைப்ரரியை மூடவே வேண்டாம் சார். லைப்ரேரியன் போஸ்ட்டை மட்டும் எடுத்துடலாம்."