கண்ணயர்ந்த கம்ப்யூட்டரும் கல்யாண லட்டும்

சித்தூர் பிறப்புப் பதிவுப் பாதுகாப்பு உப அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டரைப் பற்றி மேலிடத்துக்குத் திடீரென்று கவலை பிறந்தது. அது கெட்டுப்போனால் இந்த ஊர் ஜனங்கள் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி? ஆகவே பதிவுகளை நகலெடுத்து வைக்க ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. பேக்கப் முழுமையாக முடியும்வரை கம்ப்யூட்டரை யாரும் தொடலாகாது. சான்றிதழ் எதுவும் வழங்கலாகாது.

சூப்பரிண்டெண்டெண்ட் வேங்கடாசலம் உத்தரவு என்றால் உயிரை விடுவார். பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து, மேசையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். காலையில் சுவர் ஸ்விட்சைப் போட்டால் போதும். பதிவுப் பட்டியல் திரையில் வரும், பேக்கப் தானாகத் தொடங்கும்.

தொடங்கும், ஆனால் முடியாது. அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். அது தூங்கினால் பேக்கப் நின்றுவிடும். அரைகுறை நகல் செல்லாது என்பதால், மறுநாள் பெட்டி அதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்த நிலையில்தான் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து பவ்யா வந்தாள். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பிறப்புச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். "சார், அது தூங்கிக்கினு கீது சார். மவுஸ ஆட்டினா எழுந்துக்கும்."

"தொடக்கூடாதும்மா."

"எப்போதான் தொடலாம்?"

"பேக்கப் முடிஞ்சதும்."

"எப்போ முடியும்?"

"அது தூங்காம இருந்தா."

"தூங்காம இருக்க இன்னா பண்ணணும்?"

"யாராச்சும் தொடணும்," என்றார் வேங்கடாசலம், மிகுந்த வருத்தத்துடன். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. பவ்யாவை உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு நடவடிக்கையில் இறங்கினார். பணி நேரத்தில் உறங்கியதற்கு விளக்கம் கோரி கம்ப்யூட்டருக்கு ஒரு மெமோ தயாரானது. ஒட்டினால் தொட்டதாகிவிடும், ஆகவே ஆபரேட்டர் டெபோரா கயிற்றுக்கு இப்பால் நின்று உரக்க வாசித்தாள். பாதி வாசிக்கும்போதே கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. அதை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, பக்கத்து மேசைக் குமாஸ்தாவும் தூங்கிவிட்டார்.

அடுத்து திருப்பதியிலிருந்து நிபுணர் வந்தார். பெயர் சுரேஷ்பாபு. கழுத்தில் அடையாள அட்டை, காதில் கருவி, வாயில் இங்கிலீஷ்.

"பெட்டியில ப்ராப்ளம் லேது. ஒயர்ல ப்ராப்ளம் லேது. தூங்கற செட்டிங்க மாத்தினா ஆச்சு. ரெண்டு நிமிசம் வேல, சார்."

"தொடாம மாத்துங்க."

நிபுணர் வேங்கடாசலத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு மேல ஏழுமலையான்தான் சார் பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வேங்கடாசலம் அதை அப்படியே தொழில்நுட்ப அறிக்கையாகக் கோப்பில் ஏற்றினார். அறிக்கையின்மேல் உத்தரவும் பிறந்தது: ஆண் ஊழியர் அனைவரும் வெள்ளிக்கிழமை திருமலை சென்று மொட்டையடித்துக்கொள்ள வேண்டும். மிஷன் சபையைச் சேர்ந்த டெபோரா விலக்குக் கேட்டு மனுப் போட்டாள். மனு ஏற்கப்பட்டது, பதிலுக்கு அவள் சபையில் ஜெபம் செய்து நிறைவு அறிக்கை தர வேண்டும் என்று பணிக்கப்பட்டது.

சனிக்கிழமை காலை அலுவலகம் முழுவதும் பளபளத்தது. சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக நுழைந்தன. வேங்கடாசலத்தின் கையில் திருமலைப் பிரசாதமான பெரிய கல்யாண லட்டு. ஸ்விட்சைப் போட்டார். கயிற்றுக்கு இப்பாலிருந்து எட்டி, லட்டை பயபக்தியோடு கம்ப்யூட்டருக்குச் சமர்ப்பித்தார். லட்டு கீபோர்டின் வலது ஓரத்தில் உட்கார்ந்தது.

"தொட்டுட்டீங்களே சார்!" என்றாள் டெபோரா.

"நான் தொடலம்மா. பிரசாதம் தொட்டுது."

அதிசயம் நடந்தது. கம்ப்யூட்டர் தூங்கவில்லை! திரை மினுக்மினுக்கென்று உயிரோடு துடித்தது. மத்தியானத்துக்குள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பேக்கப் நூறு சதவீதம். மொட்டைகள் கட்டிப்பிடித்துக்கொண்டன. காலையிலிருந்து காத்திருந்த பவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நைனாவுக்கு போன் போட்டுச் சொல்லிட்றேன் சார்," என்றாள். கயிறு அவிழ்க்கப்பட்டது. லட்டு பங்கு போடப்பட்டது. டெபோரா விரலில் ஒட்டிய பூந்தியை நக்கிவிட்டுப் பவ்யாவின் பெயரைத் தட்டினாள்.

இல்லை. ஊர்ப் பெயரைத் தட்டினாள். ஊரும் இல்லை. பட்டியலைத் திறந்தாள். பட்டியல் துடைத்துவிட்டது போலிருந்தது.

கல்யாண லட்டு சின்ன லட்டு அல்லவே. அது ஒரு பக்கம் டெலீட் பட்டன்மேலும், மறுபக்கம் என்டர் பட்டன்மேலும் அமர்ந்திருந்தது. ஒவ்வொரு பதிவாக, "அழிக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. லட்டு, "ஆகட்டும்," என்றிருக்கிறது. பழைய அரைகுறை நகலைப் பெட்டி காலையிலேயே வழக்கம்போல் அழித்துவிட்டு, எதுவுமே இல்லாத பட்டியலை ஒன்று விடாமல் நகலெடுத்து வைத்திருந்தது.

பவ்யாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "திங்கக்கெழம நான் இன்னாத்த எடுத்துக்கினு போறது?"

வேங்கடாசலம் அசரவில்லை. விதிகளில் அதற்கும் வழி உண்டு. "இவர் பிறந்ததற்கான பதிவு இல்லைன்னு ஒரு சான்றிதழ் குடுத்துடறேன். அதுவும் செல்லும்." பேனாவை எடுத்தார்.

"சார், நீங்க எந்த ஊர்ல பொறந்தீங்க?" என்று கேட்டாள் பவ்யா.

"இதே சித்தூர்தான். ஏன்?"

"அப்போ உங்க பதிவும் போச்சே. பொறக்காத ஆளு கையெழுத்து போட்டா செல்லுமா சார்?"

பேனா அந்தரத்தில் நின்றது. வேங்கடாசலம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மெதுவாக எழுந்து, வெளியே போய், கவுண்டருக்கு முன்னால் பவ்யாவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மற்ற மொட்டைகளும் அப்படியே வந்து நின்றன. டெபோராவும் வந்து சேர்ந்துகொண்டதால் உள்ளே சான்றிதழ் கொடுப்பதற்கு ஆள் இல்லை.

திங்கட்கிழமை போய்விட்டது; வேலையும் போய்விட்டது. வரிசை இப்போது கலெக்டர் ஆபீஸ் தாண்டி நீண்டிருக்கிறது. நானும் சித்தூரில் பிறந்தவன்தான், அதாவது பிறந்ததாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு முன்னால் நிபுணர் சுரேஷ்பாபு நிற்கிறார், அவரும் இந்த ஊரில் பிறந்தவராம். உள்ளே கம்ப்யூட்டர் நிம்மதியாகத் தூங்குகிறது. அதை எழுப்பும் அதிகாரம் பிறந்தவர்களுக்கு மட்டுமே உண்டாம்.