டிவியின் முதுகு ஏன் சுடுகிறது?

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் என்றால் சந்தேகம் கூடவே வீட்டுக்கும் வரும். அன்று மாலை செருப்பைக் கழற்றியதும் அவர் நேராகப் போய் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"நான் தொடவே இல்லைங்க" என்றாள் மனைவி. கேட்பதற்கு முன்பே சொன்னதுதான் சரியாகப் படவில்லை.

அந்த டிவிக்குள்தான் அவருடைய உயிர் இருந்தது. பனி கொட்டும் ஏதோ வெளிநாட்டில், நீளக் கோட்டு மாட்டிய துப்பறிவாளர் கொலைகாரனைத் தேடும் தொடர். ஆறே வாரத்தில் ஊத்தி மூடிவிட்டார்கள். கொலைகாரனைக் காட்டாமலே நிறுத்திவிட்டார்களே என்று பரிசோதகருக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஆறு பாகத்தையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தானே கண்டுபிடிக்கிறேன் என்று டிப்போ முழுக்கச் சவால் விட்டிருந்தார். மாலையானால் நாற்காலியில் சாய்வார். முதுகுக்குத் தலையணையும் கைக்குச் சூடான பாலும் மனைவிதான் கொண்டுவந்து தருவாள். அப்பேர்ப்பட்டவளா பொய் சொல்கிறாள்?

துப்பறிவாளர் கதவிடுக்கில் முடி ஒட்டிவைத்து, அது அறுந்திருந்தால் ஆள் வந்துபோனதைக் கண்டுபிடிப்பார். ரிமோட்டில் ஒட்டலாம் என்று பரிசோதகர் தன் தலையைத் தடவினார். அங்கே எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மனைவியின் சீப்பிலிருந்து ஒன்றை உருவி ஒட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

மாலையில் முடி இருந்தது. டிவியும் சுட்டது. ரிமோட்டை வெளிச்சத்தில் பிடித்தவர் துள்ளிக் குதித்தார்.

"நான் ஒட்டினது நரைமுடி. இது கருகருன்னு இருக்கு! யார் மாத்தினது?"

"நான்தான். பழசு அறுந்துபோச்சு. சீப்புல இன்னொண்ணு இருந்துச்சு."

"பகல்ல அப்படி என்ன பார்க்கிற?"

"உங்க தொடரைத்தான். நானும் பக்கத்து வீட்டு அக்காவும். அந்தக் கோட்டுக்காரர் கடைசியில கொலைகாரனைப் பிடிக்கிற இடம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கல."

"பிடிக்கிறாரா? எப்போ?"

"ஆறாவது பாகத்துல. நீங்க குறட்டை விடுற நேரம்."

பரிசோதகருக்கு முகம் செத்துவிட்டது. "இத்தனை நாள் ஏண்டி சொல்லல?"

"சொன்னா தொடரை விட்டுடுவீங்க. பழையபடி சமையல்கட்டுல வந்து நின்னு, எண்ணெய் ஏன் குறைஞ்சுது, அடுப்பு ஏன் பெருசா எரியுதுன்னு என்னைப் பரிசோதிப்பீங்க."

"கொலைகாரன் யாரு? சொல்லு!"

"நான் சொல்லிட்டா உங்க சவால் என்னாகிறது? நீங்களே பாருங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று இமை மூடுவதில்லை என்று சத்தியம் செய்து ஆறாவது பாகத்தைப் போட்டார். மனைவி தலையணையைத் தட்டி வைத்தாள். பாலை நீட்டினாள். குடித்தார்.

கண்ணைத் திறந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, பிடிச்சுட்டீங்களா?"