படத்துக்கு மட்டும்

திரைக்கதையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது. அந்த வரியைப் படித்ததும் ஏ.சி. அறையிலேயே மேலாளருக்கு வியர்த்தது.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். இருபத்தேழு நிமிடம் கழித்து வந்த வண்டி, பதினான்கே நிமிடத்தில் வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக்கொண்டது.

அவருடைய நிறுவனம் செய்வது ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருள். பதினைந்து நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேரும் என்பது ஆம்புலன்ஸ் சேவை நடத்தும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. வண்டி எவ்வளவு தாமதமாகப் போனாலும் திரையில் பதினான்கு என்றே விழும். தாமதமே இல்லை என்று கணக்குச் சொன்னதால் கூடுதல் வண்டி வாங்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பிழை கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கும் டெஸ்டர் பெண் இதைப் பற்றி ஆறு முறை புகார் எழுதினாள். ஆறிலும் மேலாளர் ஒரே வார்த்தை எழுதி மூடினார்: ‘முடிச்சாச்சு.’ அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை இதே பொய்யோடு புதிய பதிப்பு நகரம் முழுவதற்கும் போகவிருந்தது.

இந்த நேரம் பார்த்து முதலாளி மூன்றாம் மாடியைச் சினிமாக்காரர்களுக்கு விட்டிருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியின் அயோக்கியத்தனத்தைப் பற்றிய திரில்லர். “நம்ம கண்ணாடிச் சுவரெல்லாம் படத்துல வரும்யா” என்று அவருக்கு ஒரே பூரிப்பு. “கதையை மட்டும் நீங்க ஒரு பார்வை பாத்துடுங்க.”

முடிச்சாச்சு இயக்குநரைக் கூப்பிட்டார். நான்கு நாள் தாடி, தூங்காத கண். இயக்குநர் என்று நம்பும்படியாகத்தான் இருந்தார்.

“இந்தக் கதை உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“கற்பனைதான் சார். நிஜத்துல எவனாவது இப்படிப் பண்ணுவானா?”

முடிச்சாச்சு தண்ணீர் குடித்தார். “ஆம்புலன்ஸ் வேணாம். பார்சல் வண்டின்னு மாத்துங்க.”

“பார்சல் லேட்டா வந்தா யார் சார் அழுவாங்க?”

“அப்ப தொழில்நுட்பத் தப்பு நிறைய இருக்கு. எங்க டெஸ்டரை விட்டு லிஸ்ட் போடச் சொல்றேன். மொத்தத்தையும் திருத்துங்க.” தப்புகளைத் திருத்தி முடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

டெஸ்டர் ஒன்றரை மணி நேரத்தில் லிஸ்டோடு வந்தாள். ‘பக்கம் 43. தவறு: வில்லன் ராத்திரி திருட்டுத்தனமாக நேரத்தை மாற்றுகிறான். நிஜத்தில் நடப்பது: பகலில், மீட்டிங் போட்டு, எல்லாரும் தலையாட்டிய பிறகு மாற்றுவார்கள்.’ எந்தத் திரையில், எந்த வரியில் என்பது வரைக்கும் எழுதியிருந்தாள்.

“அட்டகாசம்மா! அப்படியே வெச்சுக்கறேன்” என்றார் இயக்குநர்.

“யாரும்மா உன்னை இவ்ளோ விவரமா எழுதச் சொன்னது?” என்று முடிச்சாச்சு பல்லைக் கடித்தார்.

“தப்பைச் சொன்னா சரியானதையும் சொல்லணும் சார். நீங்க எடுத்த பயிற்சி வகுப்புலதான் கத்துக்கிட்டேன்.”

இனி யாரையும் நம்புவதில்லை என்று அவரே படப்பிடிப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வில்லனாக நடித்தவர் மேசையில் குத்தி, “எத்தனை பேர் செத்தாலும் எனக்குக் கவலை இல்லை!” என்று கத்தினார்.

“நிறுத்துங்க. எந்த மேனேஜரும் அப்படிப் பேச மாட்டான்.”

“வேற எப்படி சார் பேசுவாங்க?”

முடிச்சாச்சு சாய்ந்து உட்கார்ந்தார். “‘நல்ல பாயிண்ட்டும்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்.’ அவ்வளவுதான்.”

வில்லன் தன் கையைத் தடவிக்கொண்டார். “சார், மயிர்க்கூச்செறியுது. இதை மாதிரி ஒரு கொடூரமான வசனத்தை நான் கேட்டதே இல்ல.”

“கேமரா ஓடுச்சா?” என்றார் இயக்குநர்.

“ஓடுச்சுண்ணே.”

முடிச்சாச்சு எழுந்து நின்றார். “போதும்! இந்தப் படத்துக்கும் எங்க கம்பெனிக்கும் துளிகூட ஒற்றுமை இருக்கக் கூடாது. படத்துல வர்ற சாஃப்ட்வேர் உண்மையான நேரத்தைத்தான் காட்டணும். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணுங்க.”

“சரி சார். ஆனா பச்சைத் துணியக் கட்டி, அப்புறமா கிராபிக்ஸ்ல ஒட்டி ஏமாத்துற ஆள் நான் இல்ல. உண்மையான நேரம் காட்டுற சாஃப்ட்வேரை நிஜமாவே திரையில ஓட்டிக் காட்டுங்க.”

முடிச்சாச்சு டெஸ்டரைத் தனியாக அழைத்தார். “சரியான நேரம் காட்டுற மாதிரி ஒண்ணு தயார் பண்ணிக் குடும்மா. படத்துக்கு மட்டும்.”

“ஆறு மாசமாகும்னு சொன்னீங்களே சார்?”

“படத்துக்குன்னா எவ்ளோ ஆகும்?”

“சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்துடறேன். நாலு வரிதான்.” ஒரு படிவத்தை நீட்டினாள். “இந்த மாசத்துலேர்ந்து புது விதி சார். உங்க கையெழுத்து இல்லாம சர்வர் ரூம்ல எதையும் ஏத்த மாட்டாங்க.”

வழக்கமாக அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை; எல்லாம் வாய்ச்சொல்தான். மாட்டிக்கொள்ளாமல் இருபது வருடம் ஓட்டியதே அப்படித்தான். படத்துக்குத்தானே என்று போட்டார்.

அன்று மாலை திரையில் இருபத்தேழு நிமிடம், இருபத்தேழு என்றே விழுந்தது. இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். “தப்பே பண்ணாத கம்பெனிய வெச்சு என்ன சார் திரில்லர் எடுக்கறது? கட்டுங்கடா மூட்டையை.”

முடிச்சாச்சு சன்னலில் நின்று அவர்கள் போவதைக் கண்குளிரப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதலாளி போனில் அலறினார். “ஊர் முழுக்க முப்பத்தொண்ணு, நாப்பத்தாறுன்னு காட்டுதாம்யா! இன்னும் எத்தனை வண்டி வாங்கணும்னு ஆம்புலன்ஸ் சேவைக்காரங்க மீட்டிங் போட்டுட்டாங்க! என்னத்தய்யா ஏத்துனீங்க?”

முடிச்சாச்சு சர்வர் அறைக்கு ஓடினார். அங்கிருந்தவர் படிவத்தை எடுத்துக் காட்டினார். “உங்க கையெழுத்தோட இருந்தது இது ஒண்ணுதான் சார். திங்கட்கிழமைக்குன்னு வந்த இன்னொண்ணுல நீங்க போடவே இல்லையே?”

“உடனே பழையபடி மாத்து!”

டெஸ்டர் பேனாவோடு வாசலை மறித்து நின்றாள். “மாத்திடலாம் சார். ‘வண்டி போய்ச் சேர்ந்த உண்மையான நேரத்தைக் காட்டக் கூடாது’ன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க.”

“உன் வேலை போயிடும், தெரியுமா?”

“போகட்டும் சார். பேனா இந்தாங்க.”

அவர் பேனாவைப் பார்த்தார். சர்வர்காரர் அவரைப் பார்த்தார். பேனாவை யாரும் வாங்கவில்லை.

கோபத்தைக் காட்ட ஆள் வேண்டும். முடிச்சாச்சு படியிறங்கி வாசலுக்கு ஓடி, காவலாளியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். “அந்த டைரக்டர் விலாசம் எழுதி வெச்சிருக்கியா? அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேன்!”

காவலாளி வருகைப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை.

“அவரு டைரக்டரா சார்? போன வருஷம் எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போக நாப்பது நிமிஷம் லேட்டா வந்த ஆம்புலன்ஸ் டிரைவராச்சே அவரு!”