காலிப் பீப்பாய்க்குப் பத்து மதிப்பெண்

ஹிட்லரைத் தோற்கடித்தது விமானப் படை என்கிறார்கள் சிலர். கடற்படை என்கிறார்கள் வேறு சிலர். உண்மையில் தோற்கடித்தது, லிவர்பூலில் இரண்டாவது மாடியில் புதன்தோறும் கூடிய எங்கள் பதக்கப் பரிந்துரைக் குழு. அங்கே குறிப்பெடுத்த குமாஸ்தா நான் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அதனாலும் இருக்கலாம்.

வணிகக் கப்பல்காரர்களின் வீரத்தை நாங்கள் ‘அறிவியல் முறைப்படி’ அளந்தோம். கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகில் பத்து நாள் மிதந்தால் பாராட்டுக் கடிதம். இருபதைத் தாண்டினால் பதக்கம். படகின் பாய் கிழிந்திருந்தால் ஐந்து மதிப்பெண் கூடுதல். குடிநீர் இல்லையென்றால் பத்து.

1942 மார்ச்சில், மூழ்கிய கப்பலொன்றின் மூன்றாம் அதிகாரி வில்ஃபிரட் ஆஸ்கியூ வந்தார். இருபத்தாறு நாள் படகிலிருந்தவர். உதடுகள் இன்னும் ஆறவில்லை.

தலைவர் கேப்டன் பிளென்கின்சாப் பேனாவைத் திறந்தார்.

“ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?”

“ரெண்டு மடக்கு சார். ரெண்டு பீப்பாயில ஒண்ணு காலி. பலகை விரிசல் விட்டு எல்லாம் ஒழுகிப்போச்சு.”

“பிரமாதம்! தம்பி, குறிச்சுக்க. பத்து.”

“சார், நான் புகார் சொல்றேன்.”

“தன்னடக்கம் பாரு! அதுக்கு ரெண்டு சேர்த்துக்க.”

கப்பல் கம்பெனியின் பிரதிநிதி கிராஸ்த்வெய்ட் சிரித்தார். “பீப்பாய் நிறைஞ்சிருந்தா சும்மா குடிச்சுக்கிட்டே கரை சேர்ந்திருப்பீங்க மிஸ்டர் ஆஸ்கியூ. உங்க பேரு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“அஞ்சு பேரு செத்தாங்க. அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?”

தலைவர் கனிவோடு சொன்னார்: “செத்தவங்களுக்கு வேற குழு இருக்குப்பா. மூணாவது மாடி.”

ஆஸ்கியூ எழுந்தார். “எனக்குப் பதக்கமே வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை இவங்க கம்பெனியோட இன்னொரு கப்பல்ல போறேன். அதுலயும் இதே மாதிரிப் பீப்பாய். நேத்துத் தட்டிப் பார்த்தேன், டம் டம்முங்குது. மாத்தச் சொல்லி ஒரு வரி எழுதுங்க, போதும்.”

“பீப்பாய் நம்ம அதிகாரத்துல வராது,” என்றார் தலைவர். “வீரம் மட்டும்தான் வரும்.”

அவர் கேட்ட அந்த ஒரு வரியை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் படிவத்தில் புகாருக்கென்று கட்டம் இல்லை. வெகுநேரம் யோசித்து, ‘துணிவுக்குச் சான்று’ என்ற கட்டத்தில் எழுதினேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் மேலும் மூன்று மதிப்பெண் கிடைத்தது.

வியாழனன்று பதக்கம் வழங்கும் விழா. ஆஸ்கியூ, மறுநாள் புறப்படவிருந்த கப்பலின் படகிலிருந்த அந்தக் காலிப் பீப்பாயையே தோளில் சுமந்து இரண்டு மாடி ஏறி வந்தார். தலைவர் குத்திய பதக்கத்தைக் கழற்றிப் பீப்பாயின் விரிசலில் செருகினார்.

“எல்லா மார்க்கும் இந்த மாதிரிப் பீப்பாய்தானே வாங்கிச்சு? இதுக்கே குடுங்க சார்.”

கிராஸ்த்வெய்ட்டின் முகம் வெளுத்தது. குழு உடனே அவசரமாகக் கூடியது. வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரே மணி நேரத்தில் முடிவெடுத்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்டபோது படகில் பீப்பாய் இருந்த இடத்தில் எங்கள் குழுவின் அன்பளிப்பு இருந்தது. எண்ணெய்த் துணி உறையில் நூறு பதக்க விண்ணப்பங்கள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புகாது என்று மூன்று முறை சோதித்து அனுப்பியவன் நான்தான்.