பாவு ஆட்டமும் ஊடை ஆட்டமும்

இந்த சீசனில் நடுவில் போவதே இல்லை என்று முடிவெடுத்தேன். மைதானத்திலும் சரி, வீட்டிலும் சரி.

மைதானம் என்றால் எங்கள் தெருப் பையன்களின் கால்பந்து அணி. அதற்கு நான்தான் கோச். வீடு என்றால் என் மனைவி ஜெயம். அங்கே நான் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பட்டு நெய்கிறவனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஜெயம் கேட்டுவிட்டாள். பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன சீசனில் எங்கள் தாக்குதலுக்கு ஒரே வழிதான். பின்னாலிருந்து பந்தை ஓங்கி உதைப்பது. முன்னால் சிவகுமார் நிற்பான். அவன் தலை இடிக்காத நிலைப்படி ஆரணியில் கிடையாது. பந்து அவன் தலையில் பட்டு கோலுக்குள் போக வேண்டும். தலையில் பட்டது. கோலுக்குள் போகவில்லை. சீசன் முழுக்க எங்கள் கணக்கில் ஒரே கோல். அதுவும் எதிரணிக்காரன் ஒருவன் தவறிப்போய்த் தன் கோலுக்குள் தானே அடித்துக்கொண்டது.

வீட்டிலும் என் ஆட்டம் அதே லட்சணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக வாசலை நோக்கி நடப்பேன். வாசலில் ஜெயம் நிற்பாள். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

இதற்கு நடுவில் எங்கள் தெருவில் பவர்லூம் வைத்திருக்கும் தமிழ்வாணன் வேறு கிளம்பிவிட்டான். "மொதல் மேட்சுல தோத்தா கோச்ச மாத்திடலாம்டா" என்று பையன்களிடம் ஓதியிருக்கிறான். அவனுக்கு என் விசில் மேல் கண். எனக்கோ அதை விட மனசில்லை. நான் சொல்வதைக் கேட்க உலகத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்றால் அது அந்த மைதானத்தில் மட்டும்தான்.

அதனால் தாக்குதலையே தலைகீழாக மாற்றினேன். டீக்கடையில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக நிறுத்தி பையன்களுக்கு விளக்கினேன்.

"போன வருசம் நாம ஆடுனது பாவு ஆட்டம். நீட்டுவாக்குல நேரா போறது. இந்த வருசம் ஊடை ஆட்டம், குறுக்கு இழை மாதிரி. தறியில ஊடை நூல இழுத்துகினு நாடா எப்டிடா போவுது?"

"இந்த ஓரம், அந்த ஓரம்."

"பந்தும் அப்டித்தான் போவணும். ஓரத்துலயே போயி, கடைசீல உள்ள பூந்துடணும்."

"அப்போ நான் இன்னாண்ணா பண்றது?" என்றான் சிவகுமார்.

"நீ பொய்க்கு நடுவுல நில்லு. உன்னப் புடிக்க அவனுங்க ஆளு வருவான். அந்த கேப்புல நம்ம ஆளு போயிடுவான்."

"எனக்கு பந்து வராதா?"

"வராது."

அவன் முகம் தொங்கிப்போனது. அவ்வளவு உயரத்திலிருந்து தொங்கியதால் நன்றாகவே தெரிந்தது. பக்கத்து பெஞ்சில் பட்டு வாங்க வந்த சேத்துப்பட்டுக்காரர்கள் இரண்டு பேர் டீயை ஆறவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேச்சின் மகிமை என்று பூரித்துப்போனேன். முதல் மேட்ச் அவர்கள் ஊரோடுதான் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சோறு போடும்போது ஜெயம் சொன்னாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம காலைல நம்ம பாவு."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஏன், அன்னிக்கு சூரியனுக்கு லீவா?"

"இல்ல ஜெயம், சேத்துப்பட்டுல…"

"சேத்துப்பட்டுல இன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஊர் பேரு ஞாபகம் வந்துச்சு."

பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டிய வேலை. வீட்டுக்காரன் இல்லாமல் பாவு போட்டால் தெருவே சிரிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நேராகக் கேட்டால்தானே வாசலில் மறிப்பாள்? வீட்டிலும் ஊடை ஆட்டம் ஆடிவிடுவது என்று தீர்மானித்தேன்.

திட்டம் இதுதான். விடிந்ததும் சிவகுமார் முன்வாசலுக்கு வந்து, தனக்குப் பெண் பார்க்கச் சொல்லி ஜெயத்திடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். வரன் பார்ப்பது என்றால் ஜெயம் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்துவிடுவாள். அந்த நேரத்தில் நான் பின்வாசல் வழியே ஓரமாக நழுவிவிடுவேன். கோட்டை மைதானத்தில் பையன்களோடு வேன் நிற்கும். சிவகுமாரும் பேச்சை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அச்சு மாறாமல் நடந்தது. "அண்ணி, எனக்கு ஒரு பொண்ணு பாருங்க" என்றான் சிவகுமார். "அட, உள்ள வாப்பா, உக்காரு" என்றாள் ஜெயம். குரலில் தேன் ஒழுகியது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சந்தில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி கோட்டை மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வேனைக் காணோம். பையன்களையும் காணோம். ஒரே ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. சிவகுமாருக்குப் போன் போட்டேன்.

"டேய், எங்கடா இருக்கீங்க?"

"வூட்லதாண்ணா."

"யார் வூட்ல?"

"உங்க வூட்லதான். எல்லாரும் இங்கதான் இருக்கோம். அண்ணி பொங்கல் குடுத்தாங்க, துன்னுகினு இருக்கோம். நீங்க எங்கண்ணா போய்ட்டீங்க?"

ஓடினேன். தெருமுனையில் வேன் நின்றது. தெருவில் என் பாவு நீண்டு கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் ஜெர்சி போட்ட பதினோரு பேர். கோல்கீப்பர் கையில் கஞ்சிக் கிண்ணம். தலைமாட்டில் ஜெயம்.

எல்லாரும் ஒரே கோட்டில் நிற்க, நான் மட்டும் தனியாக அப்பால் போய் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கால்பந்தில் இதற்கு ஆஃப்சைடு என்று பெயர். இதை ஜெயத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"உனக்கு எப்டித் தெரியும்?" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"பொண்ணு பாக்கச் சொல்லி வந்தவன் கால்ல ஸ்டட்ஸு ஷூ, முட்டி வரைக்கும் சாக்ஸு, முதுகுல ஒம்போதாம் நம்பரு. பொண்ணு வூட்டுக்குப் போயி கோலா போடப் போறான்? ஒரு டம்ளர் காபி குடுத்தேன். மொத்தத்தையும் கக்கிட்டான். வேன இங்கயே வரச் சொல்லிட்டேன்."

சிவகுமார் வானத்தைப் பார்த்தான். அவனுக்கு அது பக்கம்.

"பரவால்லீங்க, நல்லாத்தான் ட்ரெயினிங் குடுத்துகிறீங்க. ஒருத்தனும் லைன் கலையல பாருங்க" என்றாள்.

ஏழரைக்கெல்லாம் வேலை முடிந்தது. ஜெயம் கோபப்படவே இல்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஜல்தி கெளம்புங்கப்பா, பதினோரு மணிக்கு மேட்சு" என்றாள். நான் துள்ளி வேனில் கால் வைத்தேன்.

"நீங்க எங்க? பாவு காயற வரைக்கும் ஆடு மாடு வராம யாரு பாத்துக்கறது?"

"யாராவது ஒரு பையன்…"

"பதினோரு பேரும் ஆடணும். கோச்சு ஆடமாட்டாருல்ல?"

"அப்போ நீ பாத்துக்கோ."

"புளிசோறு கட்டிகிறேன். நம்ம பாவுக்குக் கை குடுத்த புள்ளைங்களுக்கு நான் பரிமாறாம யாரு பரிமாறுவா?"

வேன் போய்விட்டது. என் கையில் ஒரு குச்சி இருந்தது.

இடைவேளையில் போன் வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் பின்னால். "நீங்க சொன்ன ஓரத்துலதான் போறானுங்க. அங்க அவனுங்க கும்பலா நிக்கறானுங்க. நடுவுல ஈ காக்கா இல்லீங்க" என்றாள் ஜெயம். டீக்கடை பெஞ்சு என் கண் முன்னால் வந்தது.

"நடுவுல மட்டும் போகக் கூடாது! ஊடை! ஊடைன்னு சொல்லு!" என்று கத்தினேன். ஒரு ஆடு மிரண்டு ஓடியது. போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தது. மூன்றுக்கு ஒன்று. மூன்றும் சிவகுமார் தலை. பையன்கள் "அண்ணி, அண்ணி" என்று கத்தினார்கள். தமிழ்வாணன்கூட வந்து கை கொடுத்தான். எனக்கில்லை, ஜெயத்துக்கு.

"ஓங்கி சிவகுமார் தலைக்கு அடிங்கடான்னேன், அவ்ளோதான்" என்றாள் ஜெயம். "போன வருசம் அவன்கூடவே நாலு பேர் நின்னானுங்களாம். இந்த வருசம் உங்க ஊடைய நம்பி அத்தினி பேரும் ஓரத்துக்குப் போய்ட்டானுங்க. நீங்க வாயத் தொறந்ததாலதான் ஜெயிச்சோம்."

பாராட்டா திட்டா என்று தெரியாவிட்டாலும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஜெயித்தோமே! விசிலும் பிழைத்ததே! "சரி, அடுத்த ஞாயித்துக்கெழம நானே போறேன்" என்றேன்.

"எங்க போறீங்க? நம்ம பாவுக்கு ஒருத்தர் கை குடுத்தா, அவங்க வூட்டுப் பாவுக்கு நாம கை குடுக்கணும். தெரு வழக்கம் தெரியாதா? பதினோரு புள்ளைங்க, பதினோரு வூடு. வாரம் ஒரு வூடுன்னு பேசி வெச்சிட்டேன். எல்லாம் ஞாயித்துக்கெழம காலைலதான், பாவு காயற வரைக்கும் காவலுக்கும் நீங்கதான்."

"ஜெயம், சீசனே அதுக்குள்ள முடிஞ்சிடுமே!"

"பேஜார் ஆவாதீங்க. எத்தினி கோலுன்னு நான் போன் பண்ணி சொல்றேன்."