தேங்காய் பொட்டாத கண்ணாடி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா விட்டால் தானாகவே முடிந்துவிடும் காரியத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனத்தைச் சேர்ப்பேன். உப்புப் போட்ட சாம்பாரில் மறுபடி உப்புப் போடுவது போலத்தான். அப்புறம் யாராலும் அதை வெளியே எடுக்க முடியாது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைக்கிற பிளாஸ்டிக் படலத்தை விற்கும் வேலை. தொழிலில் அதற்குப் பெயர் ஃபிலிம். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெரு முழுக்க அம்மா, "பையனுக்கு ஃபிலிம் கம்பெனியிலே வேலை" என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு மாமி ஒரு மாதம் என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்தாள். பிறகு, "முதல் நாள் டிக்கெட் நாலு கிடைக்குமாடா?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். (மரியாதை அன்றோடு போயிற்று.)

சாதாரண ஃபிலிம் மெத்தென்று இருக்கும். கண்ணாடி உடைந்தால் சில்லுகளைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு பலகையும் விரிசல் விட்டால், நனைந்த போர்வை மாதிரி தொய்ந்துவிடும். நாங்கள் விற்றது விறைப்பான ஜாதி. இரண்டும் நொறுங்கினாலும் நிமிர்ந்து நிற்கும். கண்ணாடிக் கூரைக்கும் படிக்கட்டுக்கும் அதுதான் சரி. விலையும் விறைப்புத்தான். அதனால் திருவனந்தபுரத்தில் வாங்க ஆளே இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். ஐந்து மாதம் ஓடிவிட்டது, ஒரு ஆர்டர்கூட இல்லை. இந்த மாதமும் இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று சென்னை மேனேஜர் டேவிட் சார் போனில் அன்பாகவே சொல்லியிருந்தார்.

அப்போது அகப்பட்டவர் தாணு முதலாளி. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து பழவங்காடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடை முகப்பில் கண்ணாடிக் கூரை போட நினைத்திருந்தார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இது பொட்டுமா, பொட்டாதா? அத மட்டும் சொல்லும்."

(எங்கள் ஊரில் பொட்டுவது என்றால் உடைவது. நெற்றியில் வைத்துக்கொள்வது அல்ல.)

'உடையாது என்று ஒருபோதும் சொல்லாதே, உடைந்தாலும் விழாது என்று சொல்' என்பது பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன வேதவாக்கு. எனவே, "பொட்டும் முதலாளி. ஆனா விழாது" என்றேன்.

"பொட்டும்னா நான் எதுக்குடே வாங்கணும்?"

நேரில் செய்து காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சோதனை என்று முடிவாயிற்று. டேவிட் சார் ராத்திரி ரயிலில் கிளம்பி வந்து கடைக்கே நேராக வந்துவிட்டார். நான் மாதிரிக் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு கரமனையில் பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கினேன். கடை வாசலில் மரச்சட்டத்தின்மேல் கண்ணாடியைப் பொருத்தினேன். சுற்றிலும் கூட்டம். "பந்து எங்கே?" என்றார் டேவிட் சார்.

கண்ணாடிமேல் போட வேண்டிய இரும்புப் பந்து துணிப்பையில் இருந்தது. துணிப்பை பஸ்ஸில் இருந்தது. பஸ் அதற்குள் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

அதே நேரம் தாணு முதலாளி, கோயிலுக்குப் புறப்பட்டுக் கையில் ஒரு தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார். தினமும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அவர் கல்லாவில் உட்காருவார். இங்கேதான் என் புத்திசாலித்தனம் உள்ளே நுழைந்தது.

"முதலாளி, அந்தத் தேங்காயை இதுமேலயே போடுங்கோ. பிள்ளையாருக்கும் ஆச்சு, டெஸ்டுக்கும் ஆச்சு!"

டேவிட் சார் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. முதலாளி கொஞ்சம் தயங்கினார். பிறகு கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முப்பது வருடப் பயிற்சியையெல்லாம் தோளில் ஏற்றி ஓங்கி எறிந்தார்.

'ணங்!'

கண்ணாடி இரண்டு பக்கமும் சிலந்திவலையாக விரிசல் விட்டது. ஒரு சில்லு விழவில்லை. ஒரு விரலளவு தொய்யவில்லை. சொன்னது சொன்னபடி நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது உடையவில்லை. குதித்து எழும்பி, கடையின் பழைய ஷோகேஸ் கண்ணாடியில் மோதி, அதைச் சுக்குநூறாக்கி, உள்ளே கல்யாணப் பட்டு கட்டி நின்ற பொம்மையின் காலடியில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

அந்த நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடினேனா?

"பாத்தேளா முதலாளி! அது சாதாக் கண்ணாடி, பொடிப்பொடியாப் போச்சு. இது நம்ம கண்ணாடி!" என்று கத்தினேன். கையைக்கூடத் தட்டினேன்.

தாணு முதலாளி மெதுவாகக் குனிந்து தேங்காயை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"முப்பது வருசமாட்டு எறியுதேன். ஒருநாளும் பொட்டாம இருந்ததில்ல. பிள்ளையாருக்கு எறிஞ்ச தேங்கா முழுசாத் திரும்பி வந்திருக்கு, தம்பி. வேண்டாம்னு சொல்லுதாரு."

"முதலாளி, அது ஃபிலிமோட விறைப்பு..."

"உம்ம விறைப்பு உம்ம கிட்டயே இருக்கட்டும்."

அவர் அந்தத் தேங்காயோடு கோயிலுக்கு நடந்தார். கல்லில் உடைந்த சத்தம் கடை வரைக்கும் கேட்டது. அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது. டேவிட் சார் நேராக ரயிலடிக்குப் போனார். சென்னையிலிருந்து அவர் அனுப்பிய அறிக்கையில் ஒரே வரி: 'படலம் தேறியது, பையன் தேறவில்லை.' அதைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் கொஞ்ச நேரம் அழுதேன். சிரிக்க அப்போது தெரியவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர், பால்கனிகளுக்குக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்த ஒரு மலையாளி கான்ட்ராக்டர்.

"ஹலோ, தேங்ஙா பொட்டாத்த க்ளாஸ் விற்குன்ன ஆளல்லே?"

பழவங்காடி முழுக்கக் கதை பரவியிருந்தது. அது ஃபிலிமின் பெருமையா என் மானக்கேடா என்று நான் விசாரிக்கவில்லை. "ஆமா சாரே, ஞான் தன்னே" என்றேன். ஆர்டர் கிடைத்தது. வேலை தங்கியது. 'தேங்காய் பொட்டாத கண்ணாடி விற்கிற ஆள்' என்ற பெயரும் தங்கிவிட்டது.

அன்றைக்கு விரிசல் விட்ட பலகை இன்னமும் எங்கள் சமையலறையில் அலமாரித் தட்டாக இருக்கிறது. மிக்ஸியும் இரண்டு ஊறுகாய் ஜாடியும் அதன்மேல்தான். வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி, "உடைஞ்சதுதான், ஆனா விழாது. எங்காத்துக்காரர் மாதிரி" என்று அறிமுகம் செய்துவைப்பாள்.

அம்மா அந்த அளவுக்கு விளையாடுவதில்லை. விநாயக சதுர்த்தி என்றால், கையில் தேங்காயை எடுத்ததும் முதலில் என்னைத்தான் தேடுவாள்.

"டேய், தேங்காய் உடைக்கப் போறேன். நீ செத்த வாசலுக்குப் போயிடு!"

நானும் போய்விடுவேன். சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வருவேன்.