மச்சான்கள் இருவர், முனைகள் இரண்டு

உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் ஆர்வின் தன் அம்பு முனையை வைத்தான். அந்தப் பக்கம் லைல் தன்னுடையதை வைத்தான். நடுவில் மாட்டிக்கொண்ட எமெட் குர்ட்ஸ், எடுத்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"எதுன்னு இப்பவே சொல்லு மாப்ளே," என்றான் ஆர்வின்.

"சாப்பிடுற மேசையில கத்தியா?" என்றாள் டார்லா. எமெட்டின் மனைவி, அந்த இருவருக்கும் தங்கை. யாரும் காதில் வாங்கவில்லை.

ஆர்வினுடையது அசையா முனை. அதன் கத்தித் தகடுகள் எப்போதும் நீட்டிக்கொண்டே இருக்கும். லைலுடையது விரி முனை. பறக்கும்போது தகடுகள் மடங்கியிருக்கும், மானின் மேல் பட்டதும் விரியும். அப்பா விட்டுப்போன நிலத்தைப் பாகம் பிரித்தபோதுகூட அண்ணனும் தம்பியும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"எலும்பு குறுக்க வந்தாலும் என்னோடது பொளந்துட்டுப் போகும். இவனோடது விரியலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு நிக்கும்," என்றான் ஆர்வின்.

"அண்ணனோடது காத்துல எங்க போகும்னு அதுக்கே தெரியாது. என்னோடது நூல் புடிச்ச மாதிரி போகும்," என்றான் லைல்.

இருவருமே வருஷம் தவறாமல் மான் அடிப்பவர்கள். ஆர்வினின் பாகத்தில் ஓடை, லைலின் பாகத்தில் ஓக் மரச் சரிவு. விஸ்கான்சினில் அந்த வட்டாரத்து மான்கள் எல்லாம் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் வரும். இரண்டிலும் மரத்தின் மேல் பரண் கட்டியிருந்தார்கள்.

"என் பரண்ல உக்காரணும்னா அசையா முனைதான்," என்றான் ஆர்வின்.

"என் பரணுக்கு விரி முனை இல்லாம வந்துடாதே," என்றான் லைல்.

எமெட்டுக்குப் பசியே போய்விட்டது. வில்லெடுத்துக் குறி தவறியவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி ஷெட் சுவரில் ஆணியடிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். சுவரில் தொங்கியவற்றில் முக்கால்வாசி எமெட்டின் சட்டைகள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒரு மானைக்கூட வீழ்த்தவில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் எரியும். இந்த வருஷம் மான் இல்லாமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

"இன்னொரு சட்டை போச்சுன்னா நீ பனியனோடதான் சர்ச்சுக்கு வரணும்," என்று டார்லாவும் எச்சரித்திருந்தாள்.

எனவே எமெட் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். பாத்திரம் கழுவும்போது ஆர்வினிடம், "மச்சான், நீங்க சொல்றதுதான் சரி," என்றான். வண்டி வரை கூடவே போய் லைலிடமும் அதையே சொன்னான். காலையில் ஓடை, மாலையில் சரிவு. இரண்டு பரணும் கிடைத்தன.

சிக்கல் வில்லில் வந்தது. பின்முற்றத்தில் ஃபோம் பலகையை நிறுத்தி எய்து பார்த்தான். அசையா முனை ஒரு சாண் இடதுபக்கம் போனது. வில்லில் இருந்த குறிமுள்ளைத் திருகிச் சரிசெய்தான். இப்போது விரி முனை ஒரு சாண் வலதுபக்கம் போய் டார்லாவின் பூசணிக்காயில் இறங்கியது.

"நல்லா விரியுதே," என்றான் எமெட்.

"உள்ள வா, உன்னையும் விரிச்சுக் காட்டுறேன்," என்றாள் டார்லா.

அவன் அசரவில்லை. அவளுடைய நகப்பூச்சுகளில் இரண்டை எடுத்து வந்தான். ஆர்வின் முனைக்குக் குறிமுள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி, லைல் முனைக்கு இளஞ்சிவப்பு. அம்புகளின் வாலிலும் அதேபோலப் பூசினான். இனிமேல் தப்பே நடக்காது என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் விடியும் முன் ஓடைப் பரணில் உட்கார்ந்து பார்த்தால் சிவப்பும் கறுப்பு, இளஞ்சிவப்பும் கறுப்பு. எமெட் குத்துமதிப்பாக ஓர் அம்பை உருவி நாணில் பூட்டினான். கொஞ்ச நேரத்தில் கொம்பு விரிந்த ஆண் மான் ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. அப்படியொரு மானை அவன் காலண்டரில்தான் பார்த்திருந்தான். மூச்சைப் பிடித்து நாணை விட்டான்.

மான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தது. மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு நிதானமாக நடந்து போனது.

அம்பு எதிர் மரத்தில் குத்தி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் விரி முனை, ஜோராக விரிந்திருந்தது. மரத்தில் ஒரு காலை ஊன்றி, நாக்கைத் துருத்திக்கொண்டு பிடுங்கினான். பிடுங்கிய பிறகுதான் கிளையில் கட்டியிருந்த கேமரா கண்ணில் பட்டது. ஏதாவது அசைந்தால் படம் பிடித்து அந்தக் கணமே ஆர்வினின் போனுக்கு அனுப்புகிற கேமரா.

போன் அடித்தது.

"நாக்கை உள்ள போடு," என்றான் ஆர்வின். "கையில இருக்குறது என்ன மாப்ளே? என் ஓடையில, என் மரத்துல, அவன் முனையா? கெளம்பு. திரும்ப இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்துடாதே."

அந்தப் படம் மத்தியானத்துக்குள் லைலுக்கும் போய்விட்டது. லைல் ஓக் சரிவுக்கே ஓடி வந்து எமெட்டைக் கட்டிப்பிடித்தான்.

"அண்ணன் நிலத்துலயே நம்ம முனை! நீ ஆளுதான்டா மாப்ளே! இந்தா, என் கையால புது முனை ரெண்டு வெச்சுக்க," என்று எமெட்டின் அம்புத் தூணியைத் திறந்தான். திறந்தவன் முகம் மாறியது. உள்ளே ஆர்வினின் அசையா முனைகள் வரிசையாகப் பல்லைக் காட்டின.

"மச்சான், அது வந்து... காலையிலதான் மாத்தி..."

"சமாளிக்காதே. வண்டியை எடு."

அன்று மாலையே ஷெட்டில் பஞ்சாயத்து கூடியது. பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே காரியத்துக்குக் கை கொடுத்தது அன்றுதான். லைல் சட்டையை இழுத்துப் பிடித்தான், ஆர்வின் கத்தரித்தான்.

"வெளிய ஒண்ணைக் காட்டுறது, தூணிக்குள்ள வேற ஒண்ணை வெச்சிக்கிறது," என்றான் ஆர்வின். "நம்ம குடும்பத்துல யாராச்சும் இப்படிச் செஞ்சிருக்கோமாடா?"

"சேச்சே!" என்றான் லைல்.

எமெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு பரணும் போயிற்று, சட்டையும் போயிற்று. ஆனால் சீசன் இன்னும் முடியவில்லை. அரசாங்கக் காடு இருக்கிறது, அங்கே யார் தயவும் தேவையில்லை. இனி ஒரே முனை, அதுவும் மான் அடிக்கிற முனையாகப் பார்த்து வாங்குவது என்று, முதுகில் காற்று புகுந்த அதே சட்டையோடு மறுநாள் காலை பெட்டினாவின் கடைக்குப் போய் நின்றான். அந்த ஊரில் வில்லும் அம்பும் விற்பது அவள் ஒருத்திதான்.

"என்ன எமெட்டு, சட்டையில ஜன்னல் வெச்சிருக்கே?"

"அதை விடுக்கா. ஒரே ஒரு கேள்வி, நேரா பதில் சொல்லணும். ஆர்வின் மச்சானும் அடிக்கிறாரு, லைல் மச்சானும் அடிக்கிறாரு. ஒருத்தர் அசையா முனைங்கிறாரு, இன்னொருத்தர் விரி முனைங்கிறாரு. நான் யார் பேச்சைக் கேட்கட்டும்?"

பெட்டினா கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கல்லாவின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பேச்சையெல்லாம் கேட்காதே எமெட்டு, பல வருஷமா ஆர்வின் பின்வாசல் வழியா வந்து வாங்கிட்டுப் போறது விரி முனை, லைல் வாங்கிட்டுப் போறது அசையா முனை, ரெண்டு பேரும் போகும்போது சொல்றது மட்டும் ஒண்ணுதான்: 'அவனுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது, என் மானமே போயிடும்!'"